நடுக்குவாதமும் மூளையின் சுற்றுப்பாதையும்

நடக்க வேண்டும் என்று நினைக்கிறோம், கால் நகர்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணம் தெளிவாக இருக்கிறது, தசையிலும் வலுவிருக்கிறது, ஆயினும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுகிறது. நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் நோயின் கொடுமை இதுவே. கை நடுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது; அதைவிடப் பெருந்துன்பம் இயக்கம் தொடங்க மறுப்பதே ஆகும். இதன் காரணத்தை அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாகத் தேடிய வரலாற்றை மாணவ நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1817-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவரே. அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டு கவனித்தவர்கள். நடுங்கும் கை, முன்நோக்கி வளைந்த உடல், ஓட்டமாக மாறிவிடும் நடை ஆகியவற்றை அவர் கூர்ந்து நோக்கி எழுதினார். ஆனால் நோயின் இருப்பிடம் கழுத்தை ஒட்டிய தண்டுவடம் என்று கருதினார். இறந்தவரின் மூளையை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர், பாரிஸ் நகரத்து அறிஞர் ஷார்கோ, இந்நோயில் காணும் மந்தம் தசையின் வலுக்குறைவால் வருவதன்று என்று எடுத்துக்காட்டினார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவரும் அவரே.

நோயின் இருப்பிடம் புலப்படுவதற்கு நூறாண்டுகள் சென்றன. 1919-இல் பாரிஸில் டிரெட்டியாக்கோஃப் என்ற ஆராய்ச்சியாளர், இந்நோயால் இறந்தோரின் மூளைகளை நுண்பெருக்காடியில் ஆராய்ந்தார். நடுமூளையில் இயல்பாகவே கருமை படிந்த சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் அழிந்து, அவ்விடம் வெளிறிப்போயிருந்ததை அவர் கண்டார். ஆயின், அச்சிறு பகுதி அழிந்தால் கால் ஏன் நிற்க வேண்டும்? இவ்வினாவிற்கு அன்று விடையில்லை.

விடையின் ஒரு பாதி, நம் நாட்டு மூலிகையொன்றின் வழியாகக் கிடைத்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுத்த ரிசர்ப்பின் என்னும் மருந்தை, ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபா என்ற பொருளைச் செலுத்தினார். அவை மீண்டும் நடமாடின. இது 1957-இல் வெளிவந்த ஆய்வு. டோபாவிலிருந்து மூளையில் உண்டாகும் டோபமைன் என்ற இரசாயனம் இயக்கத்திற்கு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கியது. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிட்சும் எரிங்கரும், நடுக்குவாத நோயாளரின் மூளையில் இவ்விரசாயனம் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே டோபா ஊசி மூலம் செலுத்தப்பட்டது. படுக்கையை விட்டு எழ இயலாதோர் சில மணி நேரம் எழுந்து நடந்தனர். 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், அளவைப் படிப்படியாக உயர்த்தி வாய்வழியே கொடுத்து நிலையான பயன் கண்டார்.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய இடர் தோன்றியது. மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் நோயாளர் உறைந்து நின்றனர். அது மிகும் நேரத்திலோ அவர்களுடைய கைகால்கள் தாமாகவே முறுக்கி நெளிந்தன. ஆகவே, குறைந்ததை நிரப்பினால் மட்டும் போதாது, அவ்விரசாயனம் எந்த அமைப்பிற்குள் வேலை செய்கிறது என்பதையும் அறியவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

1982-இல் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஏற்றிக்கொண்டு, சில நாட்களிலேயே முதிர்ந்த நடுக்குவாத நோயாளர்போல் உறைந்துபோயினர். அதில் கலந்திருந்த நஞ்சு, அதே கருநிற நரம்பணுக்களை அழித்திருந்தது. அத்துயரத்திலிருந்து ஆராய்ச்சிக்கு ஒரு வழி பிறந்தது. அந்நஞ்சினால் குரங்குகளுக்கு நோயை உண்டாக்கி, மூளைக்குள் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி, நரம்பணுக்களின் செயலை நேரிற் காண முடிந்தது. அமெரிக்க அறிஞர் மலான் டிலாங்கும் அவருடைய குழுவினரும் கண்டது வியப்புக்குரியது. இயக்கம் குன்றிய அம்மூளையில் சில பகுதிகள் சோர்ந்திருக்கவில்லை. அளவுக்கு மிஞ்சி உழைத்துக்கொண்டிருந்தன!

இதை ஓர் ஏரியின் மதகைக் கொண்டு விளக்கலாம். பெருமூளையின் மேற்பரப்பில் எழும் இயக்கக் கட்டளை, மூளையின் அடித்தளத்தில் உள்ள நரம்பணுத் திரள்களுக்குச் சென்று, தலாமஸ் என்னும் பகுதி வழியாக மீண்டும் மேற்பரப்பிற்கே வருகிறது. இச்சுற்றில், தலாமஸை எப்போதும் அடக்கி வைத்திருக்கும் திரள் ஒன்று உண்டு. அதுவே மூடிய மதகு. அதை நோக்கி இரு பாதைகள் செல்கின்றன. ஒன்று மதகைத் தூக்குகிறது, மற்றொன்று அழுத்துகிறது. டோபமைன் முதற்பாதையை ஊக்கி, இரண்டாவதைத் தணிக்கிறது. டோபமைன் குறைந்தால் தூக்கும் கை தளர்கிறது; அழுத்தும் கை வலுக்கிறது. ஏரியில் நீர் இருந்தும் வாய்க்காலில் ஓடுவதில்லை.

அழுத்தும் பாதையில், தலாமஸின் கீழே, மிகச் சிறிய திரள் ஒன்று இருக்கிறது. 1990-இல் அதை அழித்தபோது, உறைந்திருந்த குரங்குகள் மீண்டும் இயங்கின. மூளையில் மேலும் ஒரு சேதம் செய்ய, நோய் தணிந்தது! பிரான்ஸ் நாட்டுக் கிரெனோபிள் நகரில் பெனபித் என்ற அறுவை மருத்துவர், திசுவை அழிக்காமலே பயன்பெறும் வழியைக் கையாண்டார். 1993-இல் அவருடைய குழுவினர் அத்திரளில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள் வீதம் மின்சாரம் பாய்ச்சினர். உடலின் விறைப்பும் மந்தமும் குறைந்தன. இன்று பல நாடுகளில் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

எனினும், மதகு உவமை முழு உண்மையன்று. நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் கட்டுண்டு துடிப்பதும் இயக்கத்தைத் தடுக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அணுக்கள் அழிவதை நிறுத்தும் மருந்தும் இன்னும் கிட்டவில்லை. மாணவர்களுக்கு இங்கே செய்வதற்குரிய பணி நிரம்ப இருக்கிறது.

இவ்வரலாறு ஆராய்ச்சிக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. வாசற்படியருகே அடியெடுத்து வைக்க இயலாமல் நிற்கும் முதியவரைப் பார்த்து, “சோம்பல்” என்றோ “பிடிவாதம்” என்றோ சொல்லிவிடுதல் எளிது. தரையில் குறுக்கே சில கோடுகள் வரைந்தால், அவருள் பலர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகின்றனர். கண்வழியே வரும் தூண்டுதல், மூளையின் வேறு பாதைகளைத் துணைக்கு அழைக்கிறது என்பர். நடக்கும் விருப்பம் அவரிடம் குன்றாமல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவரை அவசரப்படுத்தாமல், அருகில் நின்று அடியெடுத்து வைக்கத் துணைபுரிவது நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய தொண்டாகும்.