ஆக்ஸ் சென்ட் பான்

ஒலிக்கலவை மென்பொருளில் ஒரு ட்ராக்கின் ஒலியை நகலெடுத்துத் துணைப் பஸ் ஒன்றுக்கு அனுப்பும் வழிக்கு ஆக்ஸ் சென்ட் என்று பெயர். அந்த நகல், பஸ்ஸின் இடது, வலது சேனல்களில் எந்த விகிதத்தில் பிரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாடே ஆக்ஸ் சென்ட் பான். கேட்பவருக்கு நேரடி ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ட்ராக்கின் முதன்மைப் பான் முடிவு செய்கிறது. அதே ஒலி ரிவெர்ப், டிலே போன்ற எஃபெக்டுகளுக்குள் எந்தப் பக்கமாக நுழைகிறது என்பதைச் சென்ட் பான் முடிவு செய்கிறது.

பின்னணி

ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு அடித்தளமிட்டவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன். அவர் 1931 இல் விண்ணப்பித்த காப்புரிமையின் எண் 394325. ஒரே ஒலியின் அளவை ஒலிபெருக்கிகளுக்கிடையே கூட்டிக் குறைத்துத் திசையை உணர்த்தும் பான்பாட் என்ற திருகு, 1940 இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ படத்துக்காக உருவான ஃபேன்டசவுண்ட் முறையில் பயன்பட்டது. பின்னாளில் பெரிய மிக்சர்களில் இரண்டு ஆக்ஸ் பஸ்களை ஜோடியாக இணைத்து, ஒரு திருகை அளவுக்கும் மற்றொன்றைப் பானுக்கும் ஒதுக்கினார்கள். மென்பொருள்களில் உள்ள ஸ்டீரியோ சென்ட் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி.

செயல்படும் முறை

சென்ட் செல்லும் பஸ் ஸ்டீரியோவாக இருந்தால்தான் பானுக்கு வேலை உண்டு. மோனோ பஸ்ஸுக்கு அனுப்பினால் திசைத் தகவலே இருக்காது.

பானைத் திருப்பும்போது ஒரு சேனலின் அளவு குறைந்து மற்றதன் அளவு கூடுகிறது. நடுவில் இரண்டு சேனல்களும் எவ்வளவு குறைய வேண்டும் என்பதைச் சொல்வது பான் விதி. சம ஆற்றல் விதியில் ஒவ்வொரு சேனலும் 3 டெசிபல் குறையும். ஒலி இடமிருந்து வலம் நகர்ந்தாலும் மொத்த ஆற்றல் மாறாது. நேர்கோட்டு விதியில் 6 டெசிபல் குறையும். இரண்டு சேனல்களையும் மோனோவாகக் கூட்டினாலும் அளவு மாறாது. இரண்டுக்கும் நடுவே 4.5 டெசிபல் விதியும் உண்டு. சென்ட் பானைத் திருப்பும்போது ரிவெர்பின் அளவும் சற்று மாறியதாகத் தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த விதியைத்தான்.

ஸ்டீரியோ ட்ராக்கிலிருந்து புறப்படும் சென்ட்டில் பான், பல மென்பொருள்களில், பேலன்ஸ் போல இயங்கும்: ஒரு பக்கத்தைத் தணிக்குமே தவிர, அதிலுள்ள ஒலியை மறுபக்கத்துக்கு நகர்த்தாது.

இணைந்த பான், தனிப் பான்

இணைந்த நிலையில் சென்ட் பான் முதன்மைப் பானைப் பின்தொடரும். இடப்பக்கம் வைத்த வயலின், ரிவெர்புக்குள்ளும் இடப்பக்கமாகவே நுழையும். இயல்பான அரங்க உணர்வுக்கு இதுவே ஏற்றது. தனி நிலையில் இரண்டும் தொடர்பற்றவை. வயலின் இடத்தில் ஒலிக்க, அதன் டிலே வலத்தில் பதில் சொல்லும்படி அமைக்கலாம். ஒற்றை வாத்தியமும் மேடை முழுவதையும் நிரப்பும்.

ஹெட்ஃபோன் கலவைக்குத் தனிப் பான் மிகவும் உதவும். இதற்கான சென்ட் பெரும்பாலும், ட்ராக்கின் அளவைக் கட்டுப்படுத்தும் ஃபேடருக்கு முன்பிருந்து எடுக்கப்படும். கலவையாளர் தம் ஃபேடரையும் பானையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாலும், பாடகரின் காதில் சுருதி ஒரு பக்கமும் தாளம் மறுபக்கமும் அசையாமல் நிற்கும்.

மென்பொருள்களில்

புரோ டூல்ஸில் சென்ட் சாளரத்தில் தனிப் பான் உண்டு. ‘ஃபாலோ மெயின் பான்’ பொத்தானை அழுத்தினால் அது முதன்மைப் பானோடு இணையும். கட்டற்ற மென்பொருளான ஆர்டரில் சென்ட் பானை இணைக்கவோ பிரிக்கவோ செய்யலாம். கியூபேஸிலும் இவ்விணைப்பு வசதி உண்டு. ரீப்பரில் ஒவ்வொரு சென்ட்டுக்கும் அளவு, பான், மியூட் ஆகியவை தனித்தனியே கிடைக்கும்.

ஏபிள்டன் லைவில் சென்ட்டுக்குத் தனிப் பான் இல்லை. அங்கே, சென்ட் போய்ச் சேரும் ரிட்டர்ன் ட்ராக்குகள் இரண்டை எடுத்து, ஒன்றை முழு இடத்துக்கும் மற்றதை முழு வலத்துக்கும் தள்ளி, இரண்டின் வெளியீட்டையும் ரிவெர்ப் உள்ள மூன்றாவது ட்ராக்கில் சேர்க்கலாம். அப்போது இரு சென்ட் திருகுகளின் விகிதமே பானாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

சில ரிவெர்ப்கள் உள்ளே வரும் இரு சேனல்களையும் மோனோவாகக் கூட்டிவிட்டு, வெளியீட்டை மட்டும் ஸ்டீரியோவாகத் தரும். அவற்றுக்கு முன் சென்ட் பான் பயனற்றது. உள்ளீட்டின் திசையைக் காக்கும் ‘ட்ரூ ஸ்டீரியோ’ ரிவெர்ப் தேவை. சோதிப்பது எளிது: ஒரு கைத்தட்டல் ஒலியை முழு இடத்துக்கு அனுப்பி, ரிவெர்ப் ஒலியை மட்டும் கேட்க வேண்டும். அது இடப்பக்கம் சாயவில்லை என்றால் திசை உள்ளேயே தொலைந்துவிட்டது.

ரிட்டர்ன் ட்ராக்கின் பானைச் சென்ட் பானுக்கு மாற்றாகக் கருதக் கூடாது. சென்ட் பான் ஒரே ஒரு வாத்தியத்தை எஃபெக்டின் வாசலில் நிறுத்தும். ரிட்டர்ன் பான் அந்த எஃபெக்டைப் பகிரும் எல்லா வாத்தியங்களின் எதிரொலியையும் சேர்த்தே நகர்த்தும்.