கோபம் மட்டும் போதுமா?

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம், 2006 சட்டப்பேரவைத் தேர்தலில் இரு கழகங்களின் மீதான சலிப்பை வாக்காக மாற்றியது. தனித்து நின்ற தேமுதிக ஏறத்தாழ 8% வாக்குகள் பெற்றும், வென்றவர் இங்கு நின்ற விஜயகாந்த் மட்டுமே. 2011-இல் அக்கட்சி அதிமுக கூட்டணியில் 29 இடங்களை வென்றது; 2016-இல் ஓரிடமும் இல்லை. 2021-இல் பிரேமலதா இதே தொகுதியில் தோற்றார்.

மக்களின் கோபம் நியாயமானது. அதை ஒரு தனிமனிதரை நம்பி ஒப்படைத்ததே பிழை என்று கருதுகிறேன். ஆஸ்திரேலியாவில் 2010 முதல் 2018 வரை நான்கு பிரதமர்களைச் சொந்தக் கட்சியினரே நீக்கினர். அங்கும் சலிப்பு தீரவில்லை. தலைவர் மாறினால் போதாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சியின் அடிமட்டத் தொண்டருக்கு வர வேண்டும். உட்கட்சித் தேர்தல் காகிதத்தோடு நிற்கும்வரை, நம் கோபம் அடுத்த தலைவருக்கான முதலீடாகவே முடியும்.