மெகிஸ்பா: வெட்டிய குளமா, விட்டுப்போன கடலா?

பிளினியின் இயற்கை வரலாற்று நூலின் ஆறாம் புத்தகத்தில் தப்ரபேன் (இலங்கை) தீவின் உள்ளே கிடப்பதாகச் சொல்லப்படும் 'மெகிஸ்பா' என்னும் நீர்நிலையை இராசரட்டையின் பெருங்குளங்களுள் ஒன்றாகக் கொள்வது நெடுங்கால வழக்கு. அப்பெயரைப் 'பெருங்குளம்' என்று பொருள்படும் வடசொல் ஒன்றின் திரிபாகக் கொண்டு, அதற்கேற்ற குளத்தை அநுராதபுரத்தின் சுற்றுப்புறத்திலோ மன்னார்ப் பக்கத்திலோ தேடுவதே அவ்வழக்கின் போக்கு. மூலத்தைச் சொல் சொல்லாக மீண்டும் வாசித்தால் இந்த முடிவு நிற்கவில்லை. பிளினி குறிப்பது ஆனையிறவு தொடங்கித் தீவுகள் வரை கிடக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரித் தொகுதி (கடலோடு வாயால் தொடர்புற்று, பெருமளவு நிலத்தால் சூழப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு) என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய வாசிப்பை வழிநடத்தியது மூலத்தைவிட ஒரு பொதுக் கருத்து எனலாம். நடுவில் மலைநாட்டைக் கொண்ட இலங்கையில் இயற்கை ஏரி இல்லை, உள்ளவை எல்லாம் மனிதர் கட்டியவை என்பது பாடநூல்களிலும் வழங்கும் கூற்று. மலைநாட்டளவில் அது தவறன்று. அல்ப்ஸ் மலையடிவாரத்தைப் போலப் பனியாறுகள் குடைந்த பள்ளங்கள் இங்கு இல்லை. கண்டி வாவி 1807இல் சிறீ விக்கிரம இராசசிங்கன் கட்டுவித்தது, நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தது, காசல்ரீயும் மவுசாக்கலையும் 20ஆம் நூற்றாண்டின் மின்திட்டங்கள் தந்தவை. ஆனால் இதிலிருந்து, தீவில் எங்கு ஒரு பெரிய நீர்நிலை பேசப்பட்டாலும் அது கட்டியதாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது பிழை. இந்நாட்டில் இயற்கை நீர்நிலைகள் மலையில் இல்லாமல் மலையிலிருந்து மிகத் தள்ளிக் கரையோரத்தில் களப்புகளாகவும், மகாவலி போன்ற ஆறுகளின் வெள்ளச் சமவெளியில் வில்லுகளாகவும் (வெள்ளம் வடிந்தபின் தங்கும் ஆழமற்ற நீர்ப்பள்ளங்கள்) அமைந்தவை. ஏரி என்றதும் மலையை நினைக்கும் ஐரோப்பிய வாசகரின் கண் அவற்றைத் தாண்டிச் சென்றதில் வியப்பில்லை. நம்மவரும் அக்கண்ணைக் கடன் வாங்கியதுதான் கவனிக்க வேண்டியது.

காலக்கணக்கும் குளக்கொள்கைக்கு உதவவில்லை. மெகிஸ்பா பற்றிய செய்தி குளோடியசு மன்னனின் ஆட்சியில் (கி.பி. 41–54) உரோம் சென்ற நான்கு தூதுவர் வாயிலாகக் கிடைத்ததாகப் பிளினி சொல்கிறார். அன்னியசு புளோக்கமசு என்னும் வரிக்குத்தகையாளனின் அடிமைநீங்கிய பணியாள் ஒருவன் காற்றில் அடிபட்டு இத்தீவை அடைந்ததே அத்தூதுக்குக் காரணமாயிற்று. அதே பெயருடையவனின் ஆள் ஒருவன் எகிப்தின் பாலைவழிப் பாறையில் கி.பி. 6இல் தன் பெயரைப் பொறித்திருப்பதால் நிகழ்ச்சியையே சற்று முன்னே தள்ளவேண்டும் என்போரும் உளர். எவ்வாறாயினும் அக்காலத்தில் அபயவாவியும் திசாவாவியும் போன்ற நகரக் குளங்கள் இருந்தன. பெரியவை பிற்காலத்தவை: மின்னேரியா மகாசேனனுடையது, கலாவாவி 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனனுடையது, பராக்கிரம சமுத்திரம் 12ஆம் நூற்றாண்டினது. பிளினி தரும் சுற்றளவு 375 உரோம மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீற்றர். திசாவாவியை எவ்வளவு பெருக்கிப் பேசினாலும் அந்த எண்ணுக்கு அருகில் கொண்டுவர முடியாது. இன்றைய சேனநாயக்க சமுத்திரமும் அதற்குப் போதாது. தப்ரபேன் பற்றிய பிளினியின் அளவுகள் யாவும் ஊதிப்போனவை என்பது அறிந்ததே. ஆதலால் இந்த எண்ணைச் சான்றாக எடுப்பது முறையன்று. ஆயினும் ஒருவர் பெருக்கிச் சொல்ல வேண்டுமானாலும் பெரிய ஒன்றைக் கண்டிருக்க வேண்டும்.

வழக்கின் மையம் ஒரே சொல்லில் இருக்கிறது. மெகிஸ்பாவைப் பிளினி 'லாக்குஸ்' என்று சொல்லவில்லை; 'ஸ்தாக்னும்' என்கிறார். இரண்டையும் 'ஏரி' என்று மொழிபெயர்த்தவர்கள் வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. வட இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பிறந்த அவ்வாசிரியர், மலையடி ஏரிகளை நன்கு அறிந்தவர். இரண்டாம் புத்தகத்தில் ஆறுகள் ஏரிநீரோடு கலக்காமல் மேலோடிச் செல்வதைப் பேசும்போது அவர் எடுக்கும் சொல் லாக்குஸ். ஒன்பதாம் புத்தகத்தில், தென் பிரான்சின் நீம் நகரப் பகுதியில் உள்ள லத்தேரா என்னும் நீர்நிலையில் ஓங்கில்களின் துணையோடு மக்கள் மடவை மீன் பிடிப்பதை விவரிக்கும்போது எடுப்பது ஸ்தாக்னும். லத்தேரா ஐயத்துக்கிடமின்றிக் கடனீரேரி. குறிப்பிட்ட பருவத்தில் மீன் கூட்டமாக அதன் ஒடுங்கிய வாயால் கடலுக்குப் பாய்வதும், அவ்வாயில் ஓங்கில் காத்து நிற்பதும் அந்தப் பகுதியிலேயே சொல்லப்படுகின்றன. மூன்றாம் புத்தகத்தில் அதே கரையின் நீர்நிலைகளுக்கும் இச்சொல்லே வருகிறது.

இங்கு எச்சரிக்கை வேண்டும். ஸ்தாக்னும் என்ற சொல் தேங்கிய நீர் எதற்கும் பொருந்தும். சதுப்புக்கும் வெட்டிய தடாகத்துக்கும் அதனை இலத்தீன் ஆசிரியர் ஆண்டிருக்கின்றனர். ஆகவே சொல் மட்டுமே கடனீரேரியை நிறுவாது. அது செய்வது ஒன்றுதான்: 'ஏரி என்றால் நன்னீர், நன்னீர் என்றால் குளம்' என்ற சங்கிலியின் முதற் கண்ணியை அறுத்துவிடுகிறது. மூலத்தில் மெகிஸ்பாவின் நீர் நல்லதா உப்பா என்ற பேச்சே இல்லை. நன்னீர் என்பது மொழிபெயர்ப்பில் புகுந்த கருத்து. 'உள்ளே' என்ற அடைமொழியை வைத்து எழும் மறுப்பும் பெரிதன்று. கப்பலில் வருபவனுக்குத் தீவுகளைத் தாண்டிய நீர் எல்லாம் உள்நீரே.

நீர்நிலையிலிருந்து இரண்டு ஆறுகள் புறப்படுவதாக மூலம் சொல்கிறது. ஒன்று பலைசிமுந்துஸ், அது அதே பெயருடைய நகருக்கு அருகேயுள்ள துறைமுகத்தில் மூன்று வாய்களாகப் பிரிந்து விழுகிறது. அவ்வாய்களில் ஒடுங்கியது 5 ஸ்தாதியம், அகன்றது 15 ஸ்தாதியம். ஸ்தாதியம் ஏறத்தாழ 185 மீற்றர் என்று கொண்டால் ஒடுங்கிய வாய் ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, அகன்றது மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இலங்கையில் இவ்வகலத்தில் ஓடும் ஆறு இல்லை. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலியும் அதன் அருகில் வராது. குளத்து மதகிலிருந்து போகும் வாய்க்காலை நினைப்பது இன்னும் பொருந்தாது. இந்த அகலங்களை 'மிகை' என்று ஒதுக்குவதே பழைய வழக்கு. ஆனால் தீவின் பக்க அளவில் ஆயிரக்கணக்கான ஸ்தாதியம் பேசும் அதே செய்தி இங்கு ஐந்தும் பதினைந்துமாகச் சிறு எண்களுக்கு இறங்குவது, யாரோ கடந்து பார்த்த நீரைச் சொல்வது போல இருக்கிறது. தீவுகளுக்கு இடைப்பட்ட கடல்வாய்களின் அளவு அது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஒன்று, வேலணைக்கும் புங்குடுதீவின் மடத்துவெளிப் பக்கத்துக்கும் நடுவே ஒன்று என்று தொடங்கினால் எண்ணிக்கை மூன்றுக்கு எளிதில் வரும். எவை அந்த மூன்று என்பதில் பிடிவாதம் தேவையில்லை. கரை மாறும், மணல் பெயரும். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே வாயே இல்லை என்பவர் வாணர் தாம்போதியையும் பண்ணைத் தாம்போதியையும் (தாம்போதி: ஆழமற்ற கடலுக்கு ஊடாகக் கல்லும் மண்ணும் இட்டு உயர்த்திய தெரு) மறந்துவிடுகிறார். அவை இக்கால வேலைகள்.

இரண்டாம் ஆறு கிதாரா. அது இந்தியாவை நோக்கி வடக்கே ஓடுகிறது என்பது மூலத்தின் கூற்று. குளக்கொள்கையினரின் பெரிய இடர் இதுவே: மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளத்தின் நீரும் அருவியாற்றின் நீரும் மேற்கே போகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறே கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். அப்படியிருந்தும் அங்கே வடக்கு நோக்கிக் கடலில் விழும் ஓர் 'ஆறு' உண்டு. அது தொண்டைமானாறு, உண்மையில் வடமராட்சிக் கடனீரேரியின் வாய். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் கடனீரேரி நிறைந்து, வடகடலுக்கு நீரை வடித்துவிடுகிறது. அதற்கு அணித்தான உப்பாற்றுக் கடனீரேரி அரியாலைப் பக்கமாகத் தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரியில் விழுந்து, தீவுகளை நோக்கிப் போகிறது. இரண்டுக்கும் இடையே மேடு என்று சொல்லத்தக்க நிலம் இல்லை. ஒரே தாழ்நிலத்தின் வெள்ளம் ஒரு பக்கம் இந்தியாவை நோக்கியும் மறுபக்கம் தீவுத்துறைகளை நோக்கியும் வடியும் இடம் இத்தீவில் வேறெங்கு உண்டு என்று கேட்கலாம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் இந்த இரட்டை வடிகாலையும் கருத்தில் கொண்டதே. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை இட்டு இரண்டு வாயையும் அடைத்தால் கடனீரேரிகள் நன்னீர் ஏரிகளாகும் என்பது அவர் கணக்கு.

இவ்விடத்தில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைப் போகிற போக்கில் தள்ள இயலாது. தொண்டைமானாறு கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது, சோழர் காலத்தது என்பது யாழ்ப்பாண மரபு. அது உண்மையானால் முதல் நூற்றாண்டில் வடக்கே ஓடிய வாய் இருந்திருக்க இடமில்லை. ஆனால் அம்மரபு எழுத்தில் கிடைப்பது ஒல்லாந்தர் காலத்து மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை போன்ற பிற்கால நூல்களில். ஊர்ப்பெயரிலிருந்து கதை பிறந்ததா, கதையிலிருந்து பெயர் பிறந்ததா என்று பிரிப்பது கடினம். மரபை அப்படியே ஏற்றாலும் அது சொல்வது உப்பு ஏற்றும் மரக்கலங்கள் நுழைய வழி செய்ததைத்தான். நீர் முன்பே உடைத்துக்கொண்டு போகாத இடத்தில் கடல்வாய் வெட்டுவோர் இல்லை; வெட்டினாலும் அடுத்த சோளகத்தில் (தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்) மணல் மூடிவிடும். முல்லைத்தீவின் நந்திக்கடலிலும் மட்டக்களப்பிலும் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்து மணல்தடையை ஆட்கள் வெட்டிவிடுவது வழக்கம். அவ்வாய்கள் இயற்கையானவையா, மனிதர் ஆக்கியவையா என்று கேட்டால் அங்குள்ளவர் சிரிப்பார். நீரின் எடை பாதியைச் செய்கிறது, மண்வெட்டி மீதியைச் செய்கிறது. இயற்கை ஏரி, செயற்கை ஏரி என்று நீர்நிலைகளை இரண்டு பெட்டிகளில் போட்ட பழக்கமே மெகிஸ்பாவைத் தவறான பெட்டியில் தேடவைத்தது. தொண்டைமான் வெட்டியது பழைய வாயையே என்று கொள்வதில் தடை இல்லை.

மூன்றாவது கூறு தீவுகள். மெகிஸ்பா தன்னுள் தீவுகளைக் கொண்டது, அவை மேய்ச்சலுக்கு மட்டும் வளமானவை என்பது மூலத்தின் செய்தி. குளத்தின் நடுவே திட்டுகள் இருக்கலாம். அவற்றின் மேய்ச்சலைத் தூதுவர் ஒருவர் உரோமில் போய்ச் சொல்வாரா? இந்தத் தொடரைப் பழைய வாசிப்பு ஏறக்குறைய விட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தின் மேற்கிலுள்ள தீவுகளோ சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்தவை. கிணற்று நீர் பல இடங்களில் உவர், நெல் மாரியை மட்டும் நம்பியது. உவர் ஏறிய புல்வெளிக்கு அப்பகுதியார் வைத்த சொல் 'தரவை'. மாடும் ஆடும் மேய்வதற்கு அன்றி வேறெதற்கும் அந்நிலம் உதவாது. மடத்துவெளி முதலிய பெயர்களில் வரும் 'வெளி' மேய்ச்சலைக் குறித்தே ஆகவேண்டும் என்பதில்லை. பெயர்களை வைத்து வாதிடுவது இக்கட்டுரை பிறரிடம் குறைகூறும் அதே வேலையாகிவிடும். நெடுந்தீவின் செய்தி சற்று வேறு. அதற்குப் பசுத்தீவு என்றொரு பெயர் வழங்குகிறது, போர்த்துக்கீசரும் அதனைப் பசுக்களின் தீவு என்றே தம் மொழியில் அழைத்தனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டு பிந்திய பெயர் முதல் நூற்றாண்டுக்குச் சாட்சி ஆகாது. ஆயினும் வெவ்வேறு காலத்தில் கடல்வழி வந்த அயலார் அத்தீவுகளில் கண்ணுற்றது மேய்ச்சலையே என்பது நிலத்தின் இயல்பைக் காட்டும்.

தூதுச் செய்தி இக்கடலை அறிந்தவர் வாயிலிருந்து வந்தது என்பதற்கு வேறொரு தடயமும் அதே பகுதியில் உண்டு. தீவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் கடும் பச்சை நிறமானது, அடியில் புதர்கள் நிறைந்தது, அவற்றின் தலைகளைக் கப்பலின் சுக்கான் உரசிச் செல்லும் என்கிறது அது. பாக்குநீரிணையின் சாதாழைப் படுகையை (ஆழமற்ற கடலடியில் வளரும் கடற்புல்) இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. சற்று முன்னர், இந்த ஒடுங்கிய கால்களில் திரும்ப வேண்டாதபடி இரு தலையும் முகப்பாக அமைந்த மரக்கலங்களைப் பற்றியும் பிளினி எழுதுகிறார். அது வேறு மூலத்திலிருந்து எடுத்ததாகலாம், கடல் ஒன்றே.

பலைசிமுந்துஸ் நகரின் துறை தெற்கு நோக்கியது என்பதை எதிர்ச்சான்றாக எடுப்போருக்கு விடை எளிது. குடாநாட்டின் தென்கரை முழுவதும் கடனீரேரியைப் பார்த்துத் தெற்கு நோக்கியே இருக்கிறது, அக்கரையை ஒட்டிய ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியும் பிராமி எழுத்துடைய முத்திரையும் 1980ஐ ஒட்டிக் கிடைத்தன. நகரை அங்கே நிறுத்த இக்கட்டுரை முயலவில்லை. எரித்திரேயக் கடற்செலவு நூலில் அப்பெயர் தீவு முழுவதற்கும் வழங்குவதால், நகரின் பெயரைப் பிளினியே சரியாகக் கேட்டுக்கொண்டாரா என்பதும் ஐயம்.

எஞ்சியிருப்பது 'ஆறு' என்ற சொல். கடனீரேரியிலிருந்து ஆறு எப்படிப் புறப்படும் என்று கேட்போர், செய்தி கடந்து வந்த வழியை எண்ணிப்பார்க்க வேண்டும். அடிமைநீங்கிய அந்தப் பணியாள் தீவின் மொழியைப் பயில எடுத்த காலம் ஆறு மாதம் என்கிறார் பிளினி. தூதுவரின் பேச்சும் அத்தகைய கல்வியுடைய ஒருவர் வழியாகவே இலத்தீனுக்குச் சென்றிருக்க வேண்டும். அம்மொழி எது என்ற வழக்கு இங்கு வேண்டியதில்லை. உப்பு விளையும் நீரை உப்பாறு என்றும், கடலின் வாயைத் தொண்டைமானாறு என்றும் இன்றளவும் அழைக்கும் ஒரு நாட்டில், 'இதிலிருந்து புறப்படுவன யாவை' என்று கேட்கப்பட்டவர் இரண்டு ஆறுகள் என்று விடை சொன்னார். கேட்டவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.