கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான வரலாறு (1815)

இலங்கைத் தீவின் கடைசிச் சுதந்திர அரசான கண்டி இராச்சியம் 1815 மார்ச் 2 அன்று ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானிய முடியாட்சியின் கீழ் வந்தது. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவரையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எதிர்த்து நின்ற நாடு, பெரிய போர் ஏதுமின்றி இரண்டே மாதங்களில் கைமாறிவிட்டது.

கண்டியின் அரண்கள் மலையும் காடும்தான். 1594இலும் 1630இலும் படையெடுத்த போர்த்துக்கீசியர் பேரழிவைச் சந்தித்தனர். 1765இல் ஒல்லாந்தர் தலைநகருக்குள் நுழைந்தும் நிலைக்க முடியவில்லை. 1803இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்தினர். சில மாதங்களில் காய்ச்சலாலும் முற்றுகையாலும் நலிந்த அவர்களின் காவற்படை சரணடைந்து கொல்லப்பட்டது. ஆனால் 1766இல் ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையில் கடற்கரை முழுவதையும் கண்டி இழந்திருந்தது. அதன்பின் தீவில் இருந்தும் அது கடலில்லாத நாடு. உப்புக்கும் கருவாட்டுக்கும்கூடக் கரையை ஆண்டவர்களை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

அரசகுலத்தின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் உறவுக் குடும்பங்களில் பெண் எடுத்து வந்தனர். 1739இல் வாரிசின்றி மன்னர் இறக்கவே, பட்டத்தரசியின் சகோதரர் அரசரானார். இவ்வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சயாமிலிருந்து துறவிகள் வரவழைக்கப்பட்டு பௌத்த சங்கம் புத்துயிர் பெற்றது. கடைசி மன்னர் கண்ணுசாமி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் 1798இல் முடிசூடினார். இளைஞரான அவரைத் தேர்ந்தெடுத்தவர் முதலமைச்சர் பிலிமத்தலாவை. பொம்மை அரசராக இருப்பார் என்று எண்ணினார் போலும். மன்னர் அப்படி இருக்கவில்லை. பிற்பாடு பிலிமத்தலாவைக்கே மரண தண்டனை விதித்தார்.

அடுத்து அப்பதவிக்கு வந்த எகலப்பொலையும் 1814இல் கலகம் செய்து, தோற்று, ஆங்கிலேயரிடம் ஓடினார். மன்னர் அவருடைய மனைவி மக்களைக் கொன்றார். இந்தக் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்பே, சிங்களம் கற்ற ஜான் டொயிலி என்ற ஆங்கில அதிகாரி ஒற்றர்கள் மூலமும் கடிதங்கள் மூலமும் பிரதானிகளைத் தம் பக்கம் இழுத்து வந்தார். ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக்குக்கு ஒரு சாக்கு மட்டுமே தேவைப்பட்டது. ஆங்கிலேயர் பகுதி வணிகர்கள் சிலர் கண்டியில் அங்கவீனம் செய்யப்பட்ட நிகழ்ச்சி அதைக் கொடுத்தது. 1815 ஜனவரியில் படை புறப்பட்டது. பிப்ரவரி 14இல் கண்டி வீழ்ந்தது. 18இல் மன்னர் பிடிபட்டார்.

பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட கண்டி ஒப்பந்தத்தில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் பிரிவு. மன்னரைப் பதவி நீக்கியதோடு, 'மலபார்' இனத்தாருக்கு இனி அரசுரிமையே இல்லை என்று அது கூறியது. அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழரைக் குறித்த சொல் அது. எழுபத்தாறு ஆண்டுகள் ஆண்ட குலம் அந்நியமாகிவிட்டது. 1812இல் கொழும்புக்கு வந்த ஆளுநர் பாதுகாவலராகிவிட்டார்! பௌத்த சமயத்தைக் காப்பதாகவும் பிரதானிகளின் உரிமைகள் நீடிக்கும் என்றும் வாக்களிக்கப்பட்டது. அரசரை மாற்றுகிறோம், நாடு நம்முடையதே என்றுதான் கையெழுத்திட்ட பிரதானிகள் நினைத்திருக்க வேண்டும். எங்கள் பொம்மிடி அடங்கிய பாரமகாலும் 1792இல் ஓர் உடன்படிக்கையால்தான் ஆங்கிலேயரிடம் போனது. ஆனால் அதில் கையெழுத்திட்டவர் போரில் தோற்ற திப்பு சுல்தான். கண்டியிலோ மன்னர் சிறையில் இருக்க, அமைச்சர்கள் கையெழுத்திட்டனர்.

மயக்கம் விரைவில் தெளிந்தது. 1817இல் ஊவா, வெல்லஸ்ஸ பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பட்டிப்பொல மக்களுடன் சேர்ந்துகொண்டார். கிளர்ச்சிக்காரர்கள் அரசராக முன்னிறுத்தியவர், தம்மை நாயக்கர் குல இளவரசர் என்று சொல்லிக்கொண்டவர் என்பது வியப்பான செய்தி. பயிர்களும் வீடுகளும் எரிக்கப்பட்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1818 நவம்பரில் கெப்பட்டிப்பொலவின் தலை வெட்டப்பட்டது. அதே மாதம் வெளியான பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களைக் குறைத்தது. எகலப்பொலை மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார்.

மன்னர் 1816இல் குடும்பத்துடன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1806 சிப்பாய்ப் புரட்சி வரை திப்புவின் மக்கள் வைக்கப்பட்டிருந்ததும் அதே கோட்டையில்தான். பதினாறு ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து 1832 ஜனவரி 30இல் அவர் காலமானார். இங்கிலாந்துக்குப் போன அவரது அரியணை 1934இல் இலங்கைக்குத் திரும்பியது. அவருடைய சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது.