கடல் கடந்த வினாத்தாள்

படிக்கத் தொடங்குமுன் விண்ணப்பப் பத்திரம் நிரப்பப் பழகுங்கள் என்று நம் ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. பெயர், பிறந்த திகதி, பாடங்கள், மொழிமூலம் என்று எழுதி, அதிபர் மூலம் அனுப்பிவிட்டுச் சுட்டெண் வரும்வரை உறக்கமின்றிக் கிடந்தோம். நம் பாட்டன்மார் இப்படி எவரிடம் விண்ணப்பித்தனர் என்ற எண்ணம் அப்பொழுதே நம் உள்ளத்தில் எழுந்தது.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் வட்டுக்கோட்டைச் செமினரியின் கதையைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய அக்கலாசாலை 1855இல் மூடப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், 1857இல், சென்னைச் சர்வகலாசாலை உதயமாயிற்று. 1858இல் அது நடாத்திய முதலாவது பி.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியவர் இருவரே. ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் செமினரி மாணவர். கதவடைத்த கலாசாலையின் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் புதிதாய்த் திறந்த கதவினுள் முதலிற் புகுந்தனர். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்ததை நாம் அறிவோம். அந்தத் தமிழ்ப்புலமைக்கு எந்தப் பரீட்சையும் வினாத்தாள் தயாரித்ததில்லை.

சென்னைக்குப்பின் கல்கத்தாவின் பிரவேசப் பரீட்சைக்கும் நம் கல்லூரிகள் சில மாணவரை அனுப்பின. ஆயினும் இத்தீவின் பாடசாலைகளை நெடுங்காலம் ஆண்டவை 1880இல் வந்த கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சையும், 1882இல் வந்த இலண்டன் மற்றிக்குலேஷனுமேயாம். "உள்ளூர்" என்ற பெயரைக் கவனியுங்கள்! பரீட்சார்த்தி எழுதும் இடம் மட்டுமே உள்ளூர். வினாத்தாள் கேம்பிறிட்ஜிலிருந்து வரும். விடைத்தாள் கப்பலேறித் திரும்பிப் போகும். பெறுபேறு வரப் பல மாதங்கள் செல்லும். தேர்வுக்கென்று ஆயத்தஞ்செய்த பையன் தேம்ஸ் நதியின் போக்கையும், ஆங்கில அரசரின் வரிசையையும், இலத்தீன் வினைச்சொற்களையும் நெட்டுருச் செய்தான். தொண்டைமானாறு எங்கே கடலில் விழுகிறதென்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாததை ஆசிரியரும் கற்பிக்கவில்லை. கேம்பிறிட்ஜிலேயே கல்வி பயின்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் 1906இல் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தைத் தொடங்கி, இந்நாட்டுக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமென முழங்கியதற்கு இக்குறையும் ஒரு காரணம். அதேவேளை, கேம்பிறிட்ஜில் விடைத்தாள் திருத்தியவருக்கு நம் பையனின் குலமோ கோத்திரமோ தெரியாது. எண் ஒன்றே தெரியும். முதியோர் பலர் அந்தக் கடதாசிச் சான்றிதழைப் பெட்டியிற் பூட்டிவைத்த பெருமிதத்துக்கு இதுவுங் காரணமாகலாம்.

1921இல் கொழும்பிற் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டபோதும் அங்கு இலண்டன் பட்டத்துக்கே படித்தனர். 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை அமைந்தபின்பே பிரவேசப் பரீட்சை நம் தீவுக்குரியதாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் கலைத்துறைக்குச் சுயமொழி வாயில் திறந்தது. 1964இல் க.பொ.த. உயர்தரப் பரீட்சையே பிரவேசப் பரீட்சையின் இடத்தைப் பெற்றது. எழுதுவோர் பெருகினர், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இருந்த இடங்களோ அவ்வாறு பெருகவில்லை.

வினாத்தாள் வீட்டுக்கு வந்துசேர்ந்தபின், புள்ளியை எப்படி எண்ணுவது என்ற சண்டை மூண்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவம் பயிலச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400இல் 229 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கும் வந்தன. இரவு விளக்கொளியில் விழித்துப் படித்தும் இடம் கிடையாத ஒரு தலைமுறையின் மனக்கசப்பு இந்நாட்டை எங்கே கொண்டுசென்றது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. ஆனால் நேர்மையாக ஒன்று கூறவேண்டும்: யாழ்ப்பாணத்தில் அழுகை எழுந்த அதே மாவட்டப் பங்கினால், நல்ல ஆய்வுகூடமில்லாத மன்னார், வவுனியாப் பிள்ளைகள் சிலருக்கு வழி திறந்தது. அவர்களும் நம்மவரே. இதை நம் ஊர்ப் பெரியோர் சிலரிடம் கூறப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு.

மொழிவாரித் தரப்படுத்தல் பின்னர் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கு நிலைத்தது. 2001 முதல் இசட் புள்ளி வழங்கப்படுகிறது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதை அது அளக்கிறது. கடினமான பாடம் எடுத்தவனுக்கும் இலகுவான பாடம் எடுத்தவனுக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமென்பதே நோக்கம்.

தாமோதரம்பிள்ளையின் காலத்தில் மாவட்டத்தை வைத்து எவரும் இடம் ஒதுக்கியதில்லை. சர்வகலாசாலை அனுமதிக்கு நாம் விண்ணப்பித்தபோது, பெயரையும் சுட்டெண்ணையும் விரைவாக எழுதிவிட்டோம். மாவட்டம் என்ற இடத்திற்றான் கை சற்றுத் தயங்கி நின்றது.