அநாதைக் கார்கள்

எண்ணூரில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? செய்தார்கள். 1949-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனி, இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி, ஆஸ்டின் ஏ40 என்ற சின்னக் காரை அங்கிருந்து வெளியே அனுப்பியது. சில வருஷங்கள்தான். 1955-ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் என்று வேறு வழியில் போய்விட்டது. ஆஸ்டின் அநாதையானது.

அதே வடசென்னைப் பக்கமாகத் தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? 'பழைய கார் ஒண்ணு வாங்கிடலாமா, எதை வாங்கலாம்?' என்று மைலேஜும் விலையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் இந்த அநாதைகளின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டு காரைத் தயாரித்தது. அழகான வண்டி. பானெட்டைத் தூக்கினால் காரின் மூஞ்சியே மொத்தமாகத் திறந்துகொள்ளும். எஞ்சின், முன் சக்கரம் எல்லாம் கைக்கு எட்டும். மெக்கானிக்குக் கொண்டாட்டம். என்ன பிரயோஜனம்? எழுபதுகளில் கெஸல் என்று பேர் மாறி, அப்புறம் கார் தயாரிப்பே நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரோடு திரும்பி வந்தார்கள். எடுபடவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் கதை முடிந்தது. ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்குப் புதுப்பேட்டைதான் கதி.

பம்பாயில் செய்த ஃபியட், அதாவது பிற்பாடு பிரீமியர் பத்மினி, அப்படிச் சீக்கிரம் சாகவில்லை. தயாரிப்பு 2000 வாக்கில் நின்றும், மும்பையில் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில்! ஹெரால்டைவிட உசத்தியான கார் என்பதாலா? இல்லை. டாக்சி என்பதால். ஒரே ஊரில் ஆயிரக்கணக்கில் ஒரே மாடல் ஓடினால், அதற்குப் பாகம் செய்து விற்க யாராவது கடை போடுவார்கள். கடை இருக்கிறவரை வண்டி இருக்கும்.

மாருதியின் ரகசியமும் இதுதான். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சின். அதே எஞ்சின் குடும்பம் ஆம்னியில் வந்தது. 2000-ல் ஆல்டோவில் வந்தது. ஆல்டோ 800 நிறுத்தப்பட்ட 2023 வரை ஓடியது. நாற்பது வருஷம்! 800 தயாரிப்பு 2014-லேயே நின்றும் பாகத்துக்குப் பஞ்சம் வராததற்கு இதுதான் காரணம். அண்ணன் போய்விட்டாலும் தம்பிகள் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோது, கூடவே களத்தில் குதித்தது டேவூ மாட்டிஸ். குட்டியாக, அம்சமாக இருக்கும். 2000-ல் கொரியாவில் தாய்க் கம்பெனி திவாலானது. மாட்டிஸ் அநாதை. அதன் வாரிசு 2007-ல் செவ்ரோலே ஸ்பார்க் என்ற பேரில் இங்கே வந்தது. 2017 முடிவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையையே நிறுத்தியது. ஸ்பார்க்கும் அநாதை. ஒரே வம்சத்துக்கு இரண்டு தடவை இடி!

நம்ம ஊர்ப் பக்கமும் வருவோம். 2010-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஃபிகோ, ஓட்டுவதற்குச் சுகமான கார். ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது 2021-ல். ஒரகடத்தில் தயாரான டாட்சன் கார்களுக்கு 2022-ல் மூடுவிழா. இவையெல்லாம் செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்க இதுவும் ஒரு காரணம். மலிவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

'கம்பெனி போனாலும் பார்ட்ஸ் கிடைக்குதே சார்' என்பார் புரோக்கர். பாதி உண்மை. பிரேக் பேடு, ஃபில்டர், கிளட்ச் பிளேட் மாதிரித் தேய்கிற சாமான்களை வெளிக் கம்பெனிகளும் செய்யும். ஆனால் கதவு, பம்பர், ஹெட்லைட், எலெக்ட்ரானிக் பெட்டி? அந்தந்த மாடலுக்கென்று அச்சு போட்டுச் செய்பவை. அச்சு ஓய்ந்தால் தேடி அலைய வேண்டியதுதான்.

இப்போது உங்கள் கணக்கு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போக வர 90. மாசம் 25 நாள் என்றால் வருஷத்துக்கு 27,000 கிலோமீட்டர்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு இது பல வருஷ ஓட்டம். லிட்டருக்கு 15 கொடுக்கிற காருக்கும் 18 கொடுக்கிற காருக்கும் வருஷத்தில் 300 லிட்டர் வித்தியாசம். அது முக்கியம்தான். ஆனால் ஒரு பாகத்துக்காக வண்டி மூணு வாரம் ஷெட்டில் நின்றால், காலை ஷிஃப்டுக்கு எதில் போவீர்கள்?

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த மாடலின் ரேடியேட்டர், ஹெட்லைட், முன் பம்பர் மூன்றுக்கும் ஜி.பி. ரோடில் விலை கேளுங்கள். எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். உங்கள் தெரு மெக்கானிக் அந்தப் பேரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறாரா, கவனியுங்கள்.

பாகம் கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. 2014 ஜனவரியில் குளோபல் என்காப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தையும் மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம்! அதன் பிறகுதான் சட்டம் விழித்தது. 2019-ல் டிரைவர் ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக் இரண்டும் கட்டாயமாயின. நீங்கள் தினமும் போவது கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுகிற கொல்கத்தா நெடுஞ்சாலையில். பட்ஜெட் கொஞ்சம் இடித்தாலும், 2019-க்குப் பிந்தைய வேகன்-ஆரோ சான்ட்ரோவோ பாருங்கள். பழைய ஆல்டோவில் மிச்சமாகும் பணத்தை அந்த ரோட்டில் பணயம் வைக்காதீர்கள்.

ஆஸ்டினும் ஹெரால்டும் மாட்டிஸும் மோசமான கார்கள் அல்ல. ஆதரவு இல்லாமல் போனவை. விண்டேஜ் ஊர்வலத்துக்கு வாங்குகிறவர் அவற்றைத் தத்து எடுக்கட்டும். ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிற உங்களுக்கு உற்றார் உறவினர் நிறைய உள்ள கார்தான் சரி!