பொருத்தமும் முத்திரையும்: அந்தமானுக்கு இட்டுச்சென்ற கைத்துப்பாக்கிகள்

செல்லுலார் சிறையின் வரலாறு பெரும்பாலும் சிறையறைக்குள்ளிருந்தே எழுதப்படுகிறது. செக்கு, சங்கிலி, உண்ணாநோன்பு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. கைதிகளை அங்கே கொண்டுசேர்த்த சான்றுப்பொருள்கள் அதே அளவு கவனம் பெறுவதில்லை. அவற்றுள் முதன்மையானது கைத்துப்பாக்கி. அதனைத் துணிவின் குறியீடாக மட்டும் வாசிக்கும் வழக்கம், அது ஒரு தொழிற்சாலைப் பொருள் என்பதை மறைத்துவிடுகிறது. அப்பொருளின் அளவும் பொருத்தமும் முத்திரையும் தண்டனைகளின் போக்கில் பங்கு வகித்தன.

பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் இயங்கிய எஃப்.என். தொழிற்சாலை, ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1900 மாதிரியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 7.65 மி.மீ. விட்டமுள்ள ஏழு தோட்டாக்கள் அதன் கைப்பிடிக்குள் அடங்கும். சுழல் உருளை இல்லாமையால் பக்கவாட்டில் தட்டையாக இருந்தது. ஆடைக்குள் எளிதில் மறைந்தது. அதன் அமைப்பில் விந்தைகளும் உண்டு. விசைச்சுருள் குழலுக்கு மேலே அமைந்திருந்தது. பின்னுதைப்பைத் தாங்குவது, சுடும் ஊசியை உந்துவது என்னும் இரு பணிகளையும் அவ்வொரு சுருளே செய்தது. ஊசி ஆயத்தநிலையில் இல்லாதபோது, இணைப்பு நெம்புகோல் குறிபார்க்கும் பள்ளத்தை மறைத்துக்கொள்ளும். கைப்பிடித் தகட்டிலோ அத்துப்பாக்கியின் உருவமே புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருந்தது. 1909இல் ஹார்பினில் ஆன் ஜுங்-கன் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டது இம்மாதிரியால்தான். பிரெஞ்சு மொழியில் ‘பிரௌனிங்’ என்னும் பெயர் இவ்வகைத் துப்பாக்கிக்கே பொதுப்பெயராயிற்று.

1909இன் தொடக்கத்தில் இருபது பிரௌனிங் துப்பாக்கிகள் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்தன. இந்தியா ஹவுஸில் சமையற்பணி செய்த சதுர்புஜ் அமீன், இரட்டை அடித்தளம் கொண்ட பெட்டியில் அவற்றை மறைத்துக் கொண்டுவந்தார். இருபது துப்பாக்கிகள் ஒரு பயணியின் பெட்டிக்குள் அடங்கின என்பதே அவற்றின் சிற்றளவுக்குச் சான்று. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் நாடக அரங்கில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டது அவற்றுள் ஒன்றால் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அப்போது வி. தா. சாவர்க்கர் ஐரோப்பாவில் இருந்தார். நாசிக் அரங்கையும் இலண்டனையும் வழக்கில் இணைத்த கண்ணி, அப்ரூவராக மாறிய அமீனின் சாட்சியமும் அத்துப்பாக்கிகளுமே. கொலைக்கு உடந்தை என்ற தீர்ப்பு 1911 ஜனவரியில் வந்தது. முந்தைய தண்டனையுடன் சேர்த்து இரண்டு ஆயுள் நாடுகடத்தல்கள், அதாவது ஐம்பது ஆண்டுகள். 1911 ஜூலையில் அவர் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டார்.

மறைத்தலுக்கு நேர்மாறான வடிவம் மௌசர். கைப்பிடித் தகடுகளைப் பிணைப்பதைத் தவிர வேறு திருகாணி அதில் இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். அதன் மர உறையைக் கைப்பிடியோடு பொருத்தினால் தோளில் சார்த்திச் சுடலாம். 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவின் ராடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர்களும் 46,000 தோட்டாக்களும் களவாடப்பட்டன. அவற்றுள் 44 துப்பாக்கிகள் ஒன்பது குழுக்களிடம் சென்று 54 நிகழ்வுகளில் பயன்பட்டன என்று 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கணக்கிட்டது. தோட்டாவின் தனித்த அளவும், களவுபோன தொகுதியின் திட்டமான எண்ணிக்கையும் அக்கணக்கைச் சாத்தியமாக்கின. 1915 செப்டம்பரில் பாலாசோரில் பாகா ஜதீனும் நால்வரும் மௌசர்களைக் கொண்டே போரிட்டனர். உயிர்பிழைத்துத் தூக்கையும் தவிர்த்த ஜோதிஷ் பால் அந்தமானுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மனநிலை பிறழ்ந்தார்.

பொருத்தமின்மையும் வரலாற்றை இயக்கியதுண்டு. 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங்கில் துணைப்படையின் ஆயுதக்கிடங்கைக் கைப்பற்றியவர்கள் துப்பாக்கிகளைக் கண்டனர்; தோட்டாக்களைக் காணவில்லை. தோட்டா இன்றிக் கிடங்கின் ஆயுதங்கள் வெறும் இரும்பாயின. கணேஷ் கோஷ், லோக்நாத் பல், அனந்த சிங் உள்ளிட்டோர் 1932இல் அந்தமான் சென்றனர்.

தமிழகத்தின் நிகழ்வு இவ்வரிசையில் வேறுபடுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஆயுதமும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான். ஆனால் அவர் அவ்விடத்திலேயே தம்மையும் சுட்டுக்கொண்டார். துப்பாக்கி கைமாறிய வழியை நேரிற் சொல்ல அவர் இல்லை. அமீனைப் போல அதன் கணக்கை ஒப்புவித்த சாட்சியும் அவ்வழக்கின் மையமாகவில்லை. முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரிக்குக் கிடைத்தது ஏழாண்டுச் சிறை.

ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கும் தொழில்நுட்பமே சிறு ஆயுதத்தை எளியோர் கைக்குக் கொண்டுவந்தது. அளவு, முத்திரை, எண்ணிக்கை என அரசு பின்தொடரத்தக்க தடத்தையும் அதுவே விட்டுச்சென்றது. மறைப்பதற்கு ஏற்ற பொருள் மறைவதற்கு ஏற்ற பொருளன்று. செல்லுலார் சிறையின் வரலாற்றை எழுதுவோர், கைதிகளின் நினைவுக்குறிப்புகளுக்கு இணையாக நீதிமன்றச் சான்றுப்பொருள் பட்டியல்களையும் வாசிக்க வேண்டியது இதனாலேயே.